உங்க கராஜ் கதவு யாரையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன டப்பாவைப் பத்தி. காரில் சன் வைசரில் மாட்டி வச்சிருப்போமே, கராஜ் கதவைத் திறக்கிற ரிமோட், அதுதான்.

இதைப் பேசக் காரணம் ஒரு மெயில். டாலஸ் பக்கத்தில் இருக்கிற ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. மூணு பொண்ணுங்க சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருக்காங்க. போன மாசம் அதில் ஒருத்தங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் மனஸ்தாபத்தோடதான் போனாங்களாம். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கராஜ் ரிமோட்டைக் கொடுக்கல, "எங்கயோ தொலைஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டாங்க. மெயிலில் இருந்த கேள்வி இது: "புது ரிமோட் ஒண்ணு ஆன்லைனில் வாங்கியிருக்கேன். எப்படி ப்ரோக்ராம் பண்றது? பண்ணிட்டா பழைய ரிமோட் தானா வேலை செய்யாம போயிடும்தானே?"

முதல் கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்லிடலாம். ரெண்டாவது கேள்விக்குப் பதில்: இல்ல, போகாது. புதுசு ஒண்ணைச் சேர்த்தா பழசு அப்படியே இருக்கும். ஏன் அப்படின்னு புரிஞ்சா மத்த எல்லாமே புரிஞ்சிடும். அதனால ஸ்டெப் ஒண்ணு, ஸ்டெப் ரெண்டுன்னு உடனே ஆரம்பிக்காம, முதல்ல அந்த மோட்டார் என்ன செய்யுதுன்னு பார்க்கலாம்.

கராஜ் கதவுதான் வாசல் கதவு

சென்னையில், மதுரையில் இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். அமெரிக்கா, கனடா புறநகர் வீடுகளில் கராஜ் பெரும்பாலும் வீட்டோட ஒட்டி இருக்கும். காரை உள்ளே விட்டுட்டு, கராஜுக்குள்ள இருக்கிற ஒரு சின்னக் கதவைத் திறந்தா நேரா சமையலறைக்கோ ஹாலுக்கோ போயிடலாம். வாசல் கதவை பார்சல்காரரும் விருந்தாளியும்தான் பயன்படுத்துவாங்க. வீட்டு ஆளுங்க போறது வர்றது எல்லாம் கராஜ் வழியாத்தான்.

அந்தச் சின்னக் கதவைப் பலர் பூட்டுறதே இல்ல. எங்க தெருவிலும் அப்படித்தான். வாசல் கதவுக்கு டெட்போல்ட், கேமரா, ஸ்மார்ட் பெல் எல்லாம் இருக்கும். கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற கதவு வெறும்னே சாத்தியிருக்கும். அப்போ கராஜ் ரிமோட் யார் கையில் இருக்கோ, அவங்க கையில் வீடே இருக்குன்னு அர்த்தம். அந்த நேயர் மூணு வாரமா ராத்திரியில் சரியா தூங்கலன்னு எழுதியிருந்தாங்க. அந்தப் பயத்தில் தப்பே இல்ல.

கூரையில் ஒரு வாட்ச்மேன்

கராஜுக்குள்ள நின்னு தலையைத் தூக்கிப் பாருங்க. கூரையில் ஒரு மோட்டார் பெட்டி தொங்கும். அதில் இருந்து கதவு வரைக்கும் ஒரு தண்டவாளம் மாதிரி ரெயில், அதில் ஒரு செயின் இல்லேன்னா பெல்ட் ஓடும். கதவோட எடையை நிஜமா தாங்குறது மோட்டார் இல்ல, கதவுக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங். அது முறுக்கேறி பயங்கர விசையோட இருக்கும். அதைக் கழட்டுறது, முறுக்குறது எல்லாம் ஆளைக் கூப்பிட்டுத்தான் செய்யணும். இன்னைக்கு நாம பேசுற வேலை எதுக்கும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டிய அவசியமே இல்ல.

மோட்டார் பெட்டியில் இருந்து ஒரு சின்ன ஒயர் தொங்கும். அது ஆன்டெனா. அது பக்கத்திலயோ, பல்பு மூடிக்கு அடியிலயோ ஒரு பட்டன் இருக்கும். பெரும்பாலும் "லேர்ன்"னு எழுதியிருக்கும். சில கம்பெனிகளில் "ப்ரோக்ராம்", "செட்"னு இருக்கும். நம்ம கதையே அந்தப் பட்டன்தான்.

பட்டன் பேரைக் கவனிங்க: லேர்ன். கத்துக்கோ. அந்தப் பட்டன் ரிமோட்டில் இல்ல, மோட்டாரில் இருக்கு. "ரிமோட்டை ப்ரோக்ராம் பண்றேன்"னு நாம சொன்னாலும், ரிமோட்டுக்குள்ள பொதுவா எதுவும் மாறுறதில்ல. கத்துக்கிறது மோட்டார்.

ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கையில் ஒரு நோட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க. யார் யாரை உள்ளே விடலாம்னு அதில் பேர் எழுதியிருக்கார். நீங்க லேர்ன் பட்டனை அழுத்தினா, "அண்ணே, நோட்டைத் திறங்க, ஒரு புது ஆளைச் சேர்க்கணும்"னு சொல்ற மாதிரி. அடுத்த 30 செகண்டுக்கு எந்த ரிமோட் கையைத் தூக்குதோ, அதோட அடையாளத்தை எழுதிக்கிட்டு நோட்டை மூடிடுவார். புதுசா ஒரு பேரை எழுதினா பழைய பேர் அழியுமா? அழியாது. அந்த நேயர் பயந்ததுக்கு விடை இதுதான். புது ரிமோட் வாங்கினதால பழைய ரூம்மேட் பேர் நோட்டில் இருந்து போகல.

நோட்டே இல்லாத காலம்

கார் கராஜுக்கு மேலே தூக்குற கதவை அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் உருவாக்கினது 1921-ல். 1926-ல் அதுக்கு மின்சார மோட்டாரும் வந்துடுச்சு. ரேடியோ ரிமோட் பரவலானது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம். ஆரம்ப கால ரிமோட் ரொம்ப எளிமையானது. ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் சிக்னல் வந்தா கதவு திறக்கும், அவ்வளவுதான். யார் அனுப்பினாங்கன்னு பார்க்காது. அதனால பக்கத்து வீட்டுக்காரர் பட்டன் அழுத்தினா உங்க வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கும். வாட்ச்மேன் இருக்கார், ஆனா விசில் சத்தம் கேட்டா யாருக்கு வேணும்னாலும் கேட்டைத் திறந்து விடுவார்.

அடுத்து வந்தது டிப் சுவிட்ச். ரிமோட்டுக்குள்ள குட்டிக் குட்டியா ஒரு வரிசை சுவிட்ச், மோட்டாரிலும் அதே வரிசை. ரெண்டையும் ஒரே மாதிரி மேலேயும் கீழேயும் தள்ளி வைக்கணும். உங்க பெட்டி இந்த வகைன்னா ப்ரோக்ராமிங்கே கிடையாது. பழைய ரிமோட்டைத் திறந்து, சுவிட்ச் எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து, புதுசில் அதே மாதிரி வச்சா முடிஞ்சது.

ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. 8 சுவிட்ச் இருந்தா மொத்தம் 256 சேர்க்கைகள். 12 இருந்தா 4,096. நம்ம போன் பாஸ்கோடுக்கே 4 இலக்கத்தில் 10,000 சேர்க்கை இருக்கு. ஒரு வீட்டுக் கதவுக்கு அதில் பாதி கூட இல்ல.

இது எவ்வளவு பலவீனம்னு 2015-ல் சாமி கம்கார்ங்கிற செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் செஞ்சு காட்டினார். அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட கருவி, குழந்தைகள் ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் அனுப்பி விளையாட மேட்டல் கம்பெனி போட்ட ஒரு பொம்மை. அதை மாத்தி அமைச்சு, "ஓப்பன்செசமி"னு பேர் வச்சார். அலிபாபா கதையில் குகையைத் திறக்குற மந்திரம், அதேதான். எல்லா கோடையும் சாதாரண முறையில் ஒவ்வொண்ணா அனுப்பினா அவர் கணக்குப்படி கிட்டத்தட்ட 29 நிமிஷம் ஆகும். அவர் அதைச் சுமார் 8 செகண்டுக்குக் கொண்டு வந்தார்.

எப்படி? ரெண்டு இலக்கக் கோடுன்னு வச்சுக்கோங்க, 0, 1 மட்டும்தான். மொத்தம் நாலு: 00, 01, 11, 10. தனித்தனியா அனுப்பினா 8 இலக்கம். ஆனா 00110-ன்னு ஒரே மூச்சில் அனுப்பிப் பாருங்க. முதல் ரெண்டு 00, அடுத்து 01, அடுத்து 11, கடைசியில் 10. அஞ்சே இலக்கத்தில் நாலும் வந்துடுச்சு. நிகோலாஸ் டி புரூயின்ங்கிற டச்சுக் கணிதவியலாளர் பேரில் இந்த வரிசைக்கு டி புரூயின் வரிசைன்னு பேர். பழைய மோட்டார்கள் பல, கோடு எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு பார்க்காது. வர்ற இலக்கத்தை எல்லாம் வரிசையா உள்ளே வாங்கி, கடைசியா வந்த 12 சரியா இருக்கான்னு மட்டும் பார்க்கும். அந்தப் பழக்கத்தைத்தான் கம்கார் பயன்படுத்திக்கிட்டார்.

உங்க வீட்டு மோட்டாருக்குள்ள டிப் சுவிட்ச் இருந்தா, புது ரிமோட்டில் காசு போடாதீங்க. மோட்டாரை மாத்துங்க. வாடகை வீடுன்னா ஓனரிடம் இதைச் சொல்லிக் கேளுங்க.

ஒவ்வொரு முறையும் புது டோக்கன்

அடுத்த தலைமுறை ரோலிங் கோடு. 1990-களில் கராஜ் மோட்டாருக்கு வந்தது. கடையில் இன்னைக்குக் கிடைக்கிற மோட்டார்களில் பொதுவா இதுதான் இருக்கும்.

இதில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி சீரியல் நம்பர் உண்டு. கூடவே உள்ளே ஒரு கவுன்ட்டர் ஓடும். பட்டனை அழுத்தும்போதெல்லாம் கவுன்ட்டர் ஒண்ணு ஏறும், அதை வச்சு ஒரு புது கோடு உருவாகும். மோட்டாரும் அந்த ரிமோட்டுக்கான கணக்கைத் தனியா வச்சிருக்கும். இன்னைக்கு வந்த கோடு செல்லும், நேத்து வந்த கோடு செல்லாது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி. 41-ஆம் நம்பர் போயாச்சுன்னா அதே டோக்கனைத் திரும்பக் கொண்டு வந்தா விட மாட்டாங்க. யாராவது தெருவில் உட்கார்ந்து உங்க சிக்னலைப் பதிவு பண்ணி, நீங்க ஆபீஸ் போன அப்புறம் திரும்ப ஒலிபரப்பினா கதவு அசையாது.

உடனே ஒரு சந்தேகம் வரும். குழந்தை ரிமோட்டை எடுத்து விளையாடி இருபது தடவை அழுத்திட்டா, ரிமோட் கணக்கு முன்னால ஓடிடுமே, மோட்டார் பின்தங்கிடுமே? இதையும் யோசிச்சிருக்காங்க. கீலாக்னு ஒரு பிரபலமான ரோலிங் கோடு முறை இருக்கு. தென்னாப்பிரிக்காவில் 1980-களில் உருவாகி, 1990-களின் நடுவில் மைக்ரோசிப் கம்பெனி வாங்கினது. அதில் வழக்கமான அமைப்பு இதுதான்: கணக்கு 16 அடி வரைக்கும் முன்னால போயிருந்தாலும் உடனே ஏத்துக்கும். அதைத் தாண்டிப் போயிருந்தா, அடுத்தடுத்து ரெண்டு கோடு வரிசையா சரியா வருதான்னு பார்த்து ஏத்துக்கும். அதனாலதான் ரொம்ப நாள் எடுக்காத ரிமோட் சில நேரம் முதல் அழுத்தலுக்குச் சும்மா இருந்துட்டு, ரெண்டாவதுக்கு வேலை செய்யும்.

ரோலிங் கோடை உடைக்கவே முடியாதான்னா, அப்படியும் இல்ல. அதே 2015-ல் அதே கம்கார், சிக்னலைத் தடுத்து, திருடி வச்சு, பிறகு பயன்படுத்துற ஒரு கருவியையும் காட்டினார். ஆனா அதுக்கு உங்க வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கருவியோட ஒருத்தர் காத்திருக்கணும். பெரும்பாலான வீடுகளுக்கு அதை விடப் பெரிய ஆபத்து, நோட்டில் ஏற்கெனவே பேர் இருக்கிற ஒரு பழைய ரிமோட்தான். அதுக்கு எந்த ஹேக்கிங்கும் வேண்டாம், பட்டனை அழுத்தினாலே போதும்.

சரி, ஏணியை எடுங்க

முதல்ல புது ரிமோட்டைச் சேர்க்கிற முறை.

ஒண்ணு: காரை வெளியே நிறுத்துங்க. கதவுக்குக் கீழே குழந்தை, நாய், சைக்கிள் எதுவும் இல்லைன்னு பாருங்க. ஏணி ஆடாம நிக்கணும், கதவு நகர்ற வழியில் ஏணி இருக்கக் கூடாது. ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் இருந்தா நல்லது.

ரெண்டு: லேர்ன் பட்டனோட நிறத்தைப் பாருங்க. சேம்பர்லின், லிஃப்ட்மாஸ்டர், அவங்க குடும்பத்துப் பெட்டிகளில் இந்த நிறத்துக்கு அர்த்தம் இருக்கு. மஞ்சள்னா 2011-ல் இருந்து வர்ற வகை, ஒரே ரிமோட் 310, 315, 390 மெகாஹெர்ட்ஸ்னு மூணு அலைவரிசையில் பேசும். ஊதான்னா 315 மெகாஹெர்ட்ஸ். ஆரஞ்சு, சிவப்புன்னா 390. பச்சைன்னா அதை விடப் பழசு. என் வீட்டில் இருக்கிறது ஊதா. ரிமோட் வாங்கும்போது அட்டையில் இந்த நிறம் போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. நிறம் பொருந்தலைன்னா எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணும் நடக்காது, ரெண்டும் வேற வேற மொழி பேசுது. மத்த கம்பெனிகளுக்கு நிறக் கணக்கு வேற. பெட்டி மேலே ஒட்டியிருக்கிற மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துட்டுக் கடைக்குப் போங்க.

மூணு: லேர்ன் பட்டனை ஒரு தடவை அழுத்தி விட்டுடுங்க. பிடிச்சுக்கிட்டே இருக்காதீங்க, ஏன்னு பிறகு சொல்றேன். பக்கத்தில் ஒரு சின்ன எல்.ஈ.டி. எரியும். நோட்டு திறந்தாச்சு.

நாலு: 30 செகண்டுக்குள்ள புது ரிமோட்டில் உங்களுக்குப் பிடிச்ச பட்டனை அழுத்திப் பிடிங்க. மோட்டார் பல்பு மின்னும். பல்பு இல்லாத பெட்டின்னா ரெண்டு தடவை 'க்ளிக்'னு சத்தம் வரும். கையை எடுத்துடுங்க. பேர் எழுதியாச்சு.

அஞ்சு: கீழே இறங்கி, தள்ளி நின்னு, ரிமோட்டை அழுத்திச் சோதிச்சுப் பாருங்க.

வேற கம்பெனி பெட்டியில் பட்டன் பேரும் நேரமும் கொஞ்சம் மாறலாம். புது மாடல்கள் சிலதில் ஏணி ஏறாம சுவரில் இருக்கிற பேனலிலேயே இதைச் செய்யலாம். ஆனா எல்லாத்திலும் அடிப்படை ஒண்ணுதான்: நோட்டைத் திற, ஆளைக் காட்டு, நோட்டை மூடு.

பேரை அடிக்கிறது எப்படி?

இப்போ அந்த ரெண்டாவது கேள்வி. போனவங்க ரிமோட்டை மட்டும் எப்படி நீக்கறது?

இந்த லேர்ன் பட்டன் முறையில் ஒருத்தர் பேரை மட்டும் தேடி அடிக்க வழி இல்ல. நோட்டை மொத்தமா கிழிச்சுப் போட்டுட்டு முதல் பக்கத்தில் இருந்து எழுதணும். அதே லேர்ன் பட்டனைத் தொடர்ந்து சுமார் 6 செகண்ட் அழுத்திப் பிடிங்க, எல்.ஈ.டி. அணையுற வரைக்கும். அணைஞ்சதும் எல்லா ரிமோட்டும், வெளியே சுவரில் இருக்கிற நம்பர் கீபேடும், கார்களில் பதிவானதும் எல்லாமே போயிடும். ஒயரில் இணைச்ச சுவர் பட்டன் மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். முன்னாடி "பிடிச்சுக்கிட்டே இருக்காதீங்க"ன்னு சொன்னது இதுக்குத்தான்.

அதனால அழிக்கிறதுக்கு முன்னாடி, வீட்டில் இருக்கிற ரிமோட் எல்லாத்தையும் ஒரு மேசையில் கொண்டு வந்து வைங்க. அழிச்ச பிறகு ஒவ்வொண்ணா சேருங்க. நோட்டில் மொத்தம் எத்தனை பேர்னு அப்போதான் உங்களுக்கே தெரியும். தொலைஞ்சு போச்சுன்னு சொன்ன ரிமோட் நிஜமாவே தொலைஞ்சதா, யாராவது பையில் இருக்கான்னு இனிமே யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சண்டை போடவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். அந்த ரிமோட் எங்க இருந்தாலும் இனி அது வெறும் பிளாஸ்டிக்.

வாடகை வீடுன்னா ஓனருக்கு முதல்ல ஒரு மெசேஜ் போட்டுட்டுச் செய்யுங்க. அவர் கையில் இருக்கிற ரிமோட்டும் நின்னுடும். புது வீட்டுக்குக் குடி போற எல்லாரும், வாங்கின வீடோ வாடகை வீடோ, முதல் நாளே இதைச் செய்யணும்னு நான் சொல்வேன். பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி நோட்டைக் கிழிங்க. உங்களுக்கு முன்னாடி அங்கே இருந்தவங்க, அவங்க சொந்தக்காரங்க, நாயை நடக்கக் கூட்டிட்டுப் போனவங்க, யார் யார் கையில் ரிமோட் இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல.

போன் ஆப்பில் கதவைத் திறக்கிற வசதி இருந்தா, அது வேற நோட்டு. ரிமோட் நோட்டை அழிச்சா அது தானா அழிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஆப்பில் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்குன்னு தனியா பார்த்து நீக்குங்க. கணக்கே அவங்க பேரில் இருந்தா, பெட்டியோட கையேட்டைப் பார்த்து வை-ஃபை இணைப்பையும் அழிச்சு உங்க பேரில் புதுசா பதிவு பண்ணுங்க.

காரில் இருக்கிற பட்டன்

நிறைய கார்களில் கண்ணாடிக்குக் கீழேயோ, மேலே விளக்கு பக்கத்திலயோ மூணு பட்டன் இருக்கும். பெரும்பாலும் ஹோம்லிங்க். 2013-ல் இருந்து ஜென்டெக்ஸ் கம்பெனி கையில் இருக்கிற தொழில்நுட்பம். இதில்தான் ரொம்பப் பேர் மாட்டிக்கிறாங்க. கையில் இருக்கிற ரிமோட்டைக் காருக்குப் பக்கத்தில் பிடிச்சு அழுத்துவாங்க, கார் "கத்துக்கிட்டேன்"னு விளக்கு காட்டும், ஆனா கதவு திறக்காது.

வாட்ச்மேனை நினைச்சுப் பாருங்க, காரணம் புரியும். உங்க கராஜ் எந்த அலைவரிசையில், எந்த மொழியில் பேசுதுன்னு மட்டும்தான் கார் கத்துக்கிட்டிருக்கு. கார் ஒரு தனி ஆள். அதோட பேர் நோட்டில் இன்னும் ஏறல. அதனால அதுக்கப்புறம் ஏணி ஏறி லேர்ன் பட்டனை அழுத்திட்டு, 30 செகண்டுக்குள்ள காருக்கு ஓடி வந்து அதே பட்டனை ரெண்டு மூணு தடவை அழுத்தணும். ரெண்டு பேர் இருந்தா ஓட வேண்டியதில்ல.

இதையே திருப்பிப் பாருங்க. காரை விக்கும்போது அந்த மூணு பட்டனில் உங்க வீடு இருக்கு. பொதுவா ரெண்டு ஓரப் பட்டனையும் சேர்த்து, விளக்கு நிலை மாறி மின்னுற வரைக்கும் பிடிச்சா அழிஞ்சிடும். சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி செஞ்சிடுங்க.

வேலை செய்யலையா? ரிமோட் மேல பழி போடாதீங்க

ரிமோட் நேத்து வரைக்கும் வேலை செஞ்சது, இன்னைக்கு இல்லைன்னா முதல்ல பேட்டரி. பல ரிமோட்டில் நாணயம் மாதிரி இருக்கிற சி.ஆர். 2032. அடுத்து சுவர் பேனல். அதில் "லாக்"னு ஒரு பட்டன் இருக்கும், ஊருக்குப் போகும்போது ரிமோட் எல்லாத்தையும் நிறுத்தி வைக்க. கை பட்டு அது ஆன் ஆகியிருக்கலாம்.

பக்கத்தில் போனா மட்டும் திறக்குதுன்னா, மோட்டாரில் இருக்கிற பல்பைக் கழட்டிட்டு ஒரு தடவை முயற்சி பண்ணுங்க. மலிவான எல்.ஈ.டி. பல்புகள் சிலது ரேடியோ இரைச்சல் கிளப்பும். ரிமோட்டோட மெல்லிய குரல் அந்த இரைச்சலில் மூழ்கிடும்.

திறக்குது, ஆனா மூட மாட்டேங்குது, பல்பு மின்னுதுன்னா அது ரிமோட் பிரச்சினையே இல்ல. கதவுக்கு ரெண்டு பக்கமும் தரையில் இருந்து 6 அங்குலத்துக்குள்ள ரெண்டு சின்னக் கண் இருக்கும். நடுவில் ஏதாவது இருந்தா கதவை மூட விடாது. குழந்தைகள் கதவுக்கு அடியில் சிக்கி இறந்த பிறகு, இப்படி ஒரு கூடுதல் பாதுகாப்பு 1993-ல் இருந்து தயாராகுற வீட்டு மோட்டார்களுக்கு அமெரிக்காவில் கட்டாயம் ஆச்சு. அதைத் துடைங்க, ரெண்டும் நேருக்கு நேர் பார்க்குதான்னு பாருங்க. தொல்லையா இருக்குன்னு கழட்டி எறிஞ்சிடாதீங்க.

ஒரு வித்தியாசமான காரணமும் உண்டு. 2004, 2005 வாக்கில் அமெரிக்காவில் சில ராணுவத் தளங்களைச் சுத்தி இருந்த வீடுகளில் கராஜ் ரிமோட்கள் கூட்டமா வேலை செய்யாம போச்சு. ராணுவத்தோட புது ரேடியோக்கள் 390 மெகாஹெர்ட்ஸ் இருக்கிற அதே பகுதியைப் பயன்படுத்தினதுதான் காரணம். அந்த இடம் சட்டப்படி ராணுவத்துக்கு ஒதுக்கினது. கராஜ் ரிமோட் லைசென்ஸ் இல்லாம ஓரமா ஒண்டிக்கிட்டிருந்த ஒண்ணு. வீட்டுக்காரன் வந்தா ஒண்டிக்கிட்டவன்தான் நகரணும்.

எந்த ரிமோட்டை வாங்கணும்னு யார் முடிவு பண்றது?

கடையில் வேற கம்பெனி யுனிவர்சல் ரிமோட் பாதி விலையில் கிடைக்கும். அதை வாங்கலாமா? வாங்கலாம். இது ஒரு பெரிய வழக்கு வரைக்கும் போன விஷயம். ஸ்கைலிங்க்னு ஒரு கம்பெனி, சேம்பர்லின் கதவுகளைத் திறக்கக்கூடிய ரிமோட்டை வித்தது. டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தை மீறிட்டாங்கன்னு சேம்பர்லின் வழக்குப் போட்டது. 2004 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்கைலிங்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கதவை வாங்கினவங்களுக்கு அதுக்குள்ள இருக்கிற மென்பொருளைப் பயன்படுத்துற உரிமை உண்டு, எந்த ரிமோட்டால திறக்கிறாங்கங்கிறதுக்காக அது போயிடாதுங்கிறது அதோட சாரம். வாட்ச்மேன் கம்பெனி அனுப்பின ஆளா இருக்கலாம். நோட்டு நம்மளோடது.

ஊரில் இருந்து கேட்கிறவங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. ரிமோட்டில் ஓடுற ஸ்லைடிங் கேட், ஷட்டர் எல்லாம் நம்ம நகரங்களிலும் வந்துடுச்சு. பல மாடல்கள் 433 மெகாஹெர்ட்ஸில் ஓடும். உங்க அசோசியேஷன் மீட்டிங்கில் ரெண்டே கேள்வி கேளுங்க. இது ஒரே கோடா, ரோலிங் கோடா? ஒரே கோடுன்னா, ஒரு மலிவான காப்பி ரிமோட்டை எதிரில் பிடிச்சாலே நகல் எடுத்துடலாம். ரெண்டாவது, காலி பண்ணிட்டுப் போன குடித்தனக்காரங்க ரிமோட்டை கடைசியா எப்போ அழிச்சீங்க? இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் வராம எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தா, வேலை எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சிடும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பழக்கம். காரை வெளியே நிறுத்துறீங்கன்னா ரிமோட்டை சன் வைசரில் விட்டுட்டு வராதீங்க. கார் கண்ணாடியை உடைக்கிறவனுக்கு அதே காரில் இருக்கிற பேப்பரில் உங்க முகவரியும் கிடைக்கும், திறக்க ரிமோட்டும் கிடைக்கும். ரெண்டாவது, கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் கதவை இன்னைக்கு ராத்திரியில் இருந்து பூட்டுங்க. அதுக்கு ஏணியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

கேள்வி இருந்தா, பெட்டியோட மாடல் நம்பரையும் பட்டன் நிறத்தையும் சேர்த்து மெயில் போடுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.